உள்ளங்கை வியர்வை: மூலிகை எதுவரை கைகொடுக்கும்?

தேர்வு மண்டபத்தில் எழுத எழுத விடைத்தாள் நனைகிறது. மை கலைந்து பரவுகிறது. வங்கி முகப்பில் மைகாட் அட்டையைக் கொடுத்துப் பெருவிரலை வைத்தால், கருவி ரேகையை ஏற்க மறுக்கிறது. நேர்முகத் தேர்வுக்குப் போனவர் கை குலுக்குவதற்கு முன் காற்சட்டையில் உள்ளங்கையைத் துடைத்துக்கொள்கிறார். பூப்பந்து விளையாடும் பையனுக்கு மட்டை கையில் நிற்பதில்லை.

இவையெல்லாம் சின்ன விஷயங்கள்தானே என்று மற்றவர்களுக்குத் தோன்றும். ஆனால், நாள் முழுவதும் ஈரக் கையோடு வாழ்கிறவருக்கு இது சின்ன விஷயம் அல்ல. கை கொடுக்கத் தயங்கி நட்பைச் சுருக்கிக்கொண்டவர்கள் உண்டு. உலோகக் கருவிகளைத் தொடும் வேலையே வேண்டாம் என்று ஒதுங்கியவர்கள் உண்டு. பலர் மருத்துவரிடம் போவதே இல்லை. "கை வேர்க்கிறது என்று யாராவது கிளினிக்குக்குப் போவார்களா?" என்ற கூச்சம்தான் காரணம். அதற்குப் பதிலாக நாட்டு மருந்துக் கடைக்குப் போகிறார்கள். அல்லது யாரோ சொன்ன கைவைத்தியத்தைச் செய்து பார்க்கிறார்கள்.

அந்த வைத்தியங்களில் பயன் தருபவை எவை, வீண் வேலை எவை, உயிருக்கே உலை வைப்பவை எவை? இதைத் தெரிந்துகொள்ள, முதலில் கை ஏன் வியர்க்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

கை ஏன் வியர்க்கிறது?

மனித உடலில் 20 இலட்சம் முதல் 40 இலட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. அவை மிகவும் நெருக்கமாக அமைந்திருக்கும் இடங்கள் உள்ளங்கையும் உள்ளங்காலும்தான். முதுகும் நெற்றியும் வியர்ப்பது முக்கியமாக உடலின் சூட்டைத் தணிப்பதற்காக. உள்ளங்கையின் கதை வேறு. அங்குள்ள சுரப்பிகள் வெயிலைக் காட்டிலும் மனத்தின் அசைவுக்கே அதிகம் செவி சாய்க்கின்றன. பரபரப்பு, எதிர்பார்ப்பு, பயம், ஏன், கூர்ந்து ஒரு வேலையைச் செய்வதுகூட அவற்றைத் தூண்டிவிடும். அதனால்தான் குளிரூட்டப்பட்ட அறையில் உட்கார்ந்திருக்கும்போதும் சிலருக்குக் கை சொட்டுகிறது.

மூளையிலிருந்து வரும் கட்டளையைத் தன்னியக்க நரம்புகள் சுரப்பிக்குக் கொண்டு சேர்க்கின்றன. நரம்பின் நுனியில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளிப்படுகிறது. அது சுரப்பியைத் தொட்டதும் வியர்வை சுரக்கிறது. நுண்ணிய குழாய் வழியே மேலேறித் தோலின் துவாரத்தில் வெளிவருகிறது. இந்த வழியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: ஒரு தூதுவன், ஒரு சுரப்பி, ஒரு வாசல். எந்த வைத்தியமாக இருந்தாலும் இவற்றில் ஏதாவது ஒன்றில்தான் கை வைக்கிறது.

அளவுக்கு மீறிக் கை வியர்க்கிறவர்களுக்குச் சுரப்பிகள் கூடுதலாக இருப்பதில்லை. இருக்கும் சுரப்பிகளுக்குப் போகும் கட்டளைதான் கூடுதல். பெரும்பாலும் இது சிறு வயதிலோ பதின்ம வயதிலோ தொடங்குகிறது. இரண்டு கைகளிலும் ஒரே அளவில் இருக்கும். தூங்கும்போது நின்றுவிடும். கணிசமானோரின் குடும்பத்தில் அப்பாவுக்கோ, அத்தைக்கோ, தாத்தாவுக்கோ இதே தொல்லை இருந்திருக்கும். அமெரிக்காவில் 2004-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, அந்நாட்டு மக்களில் 2.8 விழுக்காட்டினருக்கு அளவுக்கு மீறிய வியர்வைத் தொல்லை இருப்பதாக மதிப்பிட்டது. கை மட்டுமின்றி அக்குள், பாதம், முகம் எல்லாம் சேர்ந்த கணக்கு அது. ஆக, இது அபூர்வமான ஒன்றல்ல.

"பயந்தாங்கொள்ளி, அதனால்தான் வேர்க்கிறது" என்று பிள்ளைகளைச் சொல்வது தவறு. பதற்றம் வியர்வையைக் கூட்டும் என்பது உண்மையே. அதே வேளையில், வியர்க்கிறதே என்ற நினைப்பே பதற்றத்தைக் கூட்டுகிறது. ஒன்று மற்றொன்றை வளர்க்கிறது. பிள்ளையைக் கேலி செய்தால் அந்தச் சக்கரம் இன்னும் வேகமாகச் சுழலும், அவ்வளவுதான்.

துவர்ப்பு செய்யும் வேலை

நம் வீட்டு வைத்தியங்களில் கை வியர்வைக்குச் சொல்லப்படுபவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஓர் ஒற்றுமை புலப்படும். கடுக்காய், மாசிக்காய், மாதுளம் தோல், கொய்யா இலை, தேயிலை ஆகிய அனைத்துமே துவர்ப்புச் சுவை உடையவை. அந்தத் துவர்ப்புக்குக் காரணம் டானின் என்ற பொருள். தோலைப் பதனிட்டு இறுக்கமாக்கப் பழங்காலத்திலிருந்தே பயன்படுத்துவதும் இதைத்தான்.

டானின், தோலின் மேற்பரப்பிலுள்ள புரதத்தை இறுகச் செய்கிறது. அதனால் வியர்வை வெளிவரும் வாசல் சிறிது காலத்துக்குச் சுருங்குகிறது அல்லது அடைபடுகிறது. தூதுவனையும் சுரப்பியையும் அது தொடுவதில்லை. மேல்தோல் தேய்ந்து புதிதாக வளரும்போது வாசல் மறுபடி திறந்துகொள்ளும். எனவே, துவர்ப்பு மூலிகைகள் நோயை வேரோடு களைவதில்லை. தொடர்ந்து செய்தால் ஓரளவு கட்டுப்படுத்தும். மிதமான வியர்வை உள்ளவர்களுக்கே இது பொருந்தும். கையிலிருந்து சொட்டுச் சொட்டாக வடிகிறவர்கள் இதை மட்டும் நம்பிப் பயனில்லை.

தேயிலை: மிகவும் எளிதானதும் செலவு குறைந்ததும் இதுதான். கேமரன் மலைத் தேயிலையோ வேறெதுவோ, கறுப்புத் தேயிலையாக இருந்தால் போதும். கொதிக்கும் ஒரு லிட்டர் நீரில் ஐந்து தேயிலைப் பைகளைப் போட்டு நன்கு ஊறவிட வேண்டும். கை பொறுக்கும் அளவுக்கு ஆறிய பிறகு, இரண்டு உள்ளங்கைகளையும் 20 முதல் 30 நிமிடம் அதில் வைத்திருக்கலாம். பத்து நாள் தினமும் செய்துவிட்டு, பலன் தெரிந்தால் வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாகக் குறைத்துக்கொள்ளலாம். கையில் இலேசாகப் பழுப்புக் கறை படியும். பால், சீனி சேர்க்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. கையை நனைக்கும் தேநீர் வியர்வையைக் குறைக்கும். குடிக்கும் தேநீர் அதைக் கூட்டக்கூடும்! தேநீரிலும் காப்பியிலும் உள்ள கஃபீன் நரம்புகளைத் தூண்டிவிடுவதே காரணம். நாளொன்றுக்கு நான்கு ஐந்து கோப்பை குடிப்பவர்கள் சில நாள் குறைத்துப் பார்க்கலாம்.

மாசிக்காய், கடுக்காய்: மலாய்க்காரர்கள் 'மஞ்சகானி' என்று சொல்வது நம் மாசிக்காயைத்தான். அது உண்மையில் காய் அல்ல. ஒருவகைச் சிந்தூர மரத்தில் சிறு குளவி முட்டையிடும்போது உண்டாகும் முடிச்சு. அதன் எடையில் பாதி அளவுக்கு டானின் இருப்பதால் துவர்ப்பில் அதற்கு இணை குறைவு. இடித்த மாசிக்காய் அல்லது கொட்டை நீக்கிய கடுக்காய்த் தோலை நீரில் கொதிக்கவைத்து, வடிகட்டி, ஆறவைத்துக் கையை நனைக்கலாம். துவர்ப்பு மிகுதி என்பதால் குறைவாகத் தொடங்குவது நல்லது. தோல் வறண்டு வெடித்தால் நிறுத்திவிட வேண்டும்.

கொய்யா இலை, மாதுளம் தோல்: இவற்றிலும் டானின் உண்டு. வீட்டுக் கொல்லையில் கொய்யா மரம் இருப்பவர்கள் ஒரு கைப்பிடி இலையைக் கொதிக்கவைத்துப் பயன்படுத்தலாம்.

படிகாரம்: இது மூலிகை அல்ல, தாது உப்பு. ஆனாலும் அதே நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பதுதான். சவரம் செய்த முகத்தில் தேய்ப்பதும், திருஷ்டிக்காகக் கடை வாசலில் கட்டித் தொங்கவிடுவதும் இதுவே. இதில் அலுமினியம் இருக்கிறது. மருந்தகத்தில் விற்கும் வியர்வைத் தடுப்பு மருந்துகளில் முக்கியமான சரக்கும் அலுமினிய உப்புதான். பாட்டியின் படிகாரமும் மருந்தகத்துப் புட்டியும் தூரத்துச் சொந்தம் என்று சொன்னால் தவறாகாது.

மருதாணியும் மற்றவையும்

மருதாணி சூட்டைத் தணிக்கும் என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறோம். இட்டுக்கொண்டால் கை குளிர்ச்சியாக இருப்பது அனுபவத்தில் தெரிந்ததே. ஆனால், நரம்பு அனுப்பும் கட்டளையை அது மாற்றுவதில்லை. விரும்பியவர்கள் இட்டுக்கொள்ளட்டும், இரண்டு எச்சரிக்கைகள் மட்டும் தேவை. ஜி6பிடி குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு மருதாணி இட்டால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து உயிருக்கு ஆபத்து ஏற்படலாம். மலேசியாவில் குழந்தை பிறந்தவுடனேயே இந்தக் குறைபாட்டுக்கான சோதனை செய்யப்படுகிறது. குழந்தையின் மருத்துவ அட்டையைப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டாவது, 'கறுப்பு மருதாணி' என்று விற்கப்படும் கூம்புகள். இவற்றில் தலைமுடிச் சாயத்தில் சேர்க்கும் இரசாயனம் கலந்திருக்கலாம். அது கொப்புளத்தையும் நீங்காத வடுவையும் உண்டாக்கும்.

சந்தனமும் வெட்டிவேரும் குளிர்ச்சியும் நறுமணமும் தரும். வேப்பிலை கிருமிகளைக் கட்டுப்படுத்தும். வியர்வையின் அளவைக் குறைக்கும் வேலையை இவற்றிடம் எதிர்பார்க்கக் கூடாது.

எலுமிச்சைச் சாற்றை உள்ளங்கையில் தேய்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. சாறு பட்ட தோலோடு வெயிலில் போனால், தீக்காயம் போலச் சிவந்து கொப்பளித்துக் கருந்தழும்பு விழலாம். நம் நாட்டு வெயிலில் இது விளையாட்டல்ல. சோடா உப்பும் வினிகரும் அப்படித்தான். தோலை எரிச்சலூட்டுவதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை.

ஐரோப்பாவில் வியர்வைக்கு நெடுங்காலமாகக் குடித்து வரும் மூலிகை சேஜ். துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த இதன் உலர்ந்த இலை இங்கே பேரங்காடிகளில் மசாலாப் பொருளாகக் கிடைக்கிறது. ஐரோப்பிய மருந்து முகவாண்மை இதை, வியர்வைக்கான பயன்பாடு உட்பட, மரபுவழி மூலிகைப் பட்டியலில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 'மரபுவழி' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். நீண்ட காலப் பழக்கத்தை அடிப்படையாகக் கொண்ட அங்கீகாரம் அது. கை வியர்வையை நிறுத்தும் என்று ஆய்வில் நிரூபிக்கப்பட்டதாகப் பொருளல்ல. சேஜ் இலையில் துஜோன் என்ற பொருள் இருக்கிறது. அளவு மீறினால் வலிப்பைத் தூண்டும். கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மார்களும், வலிப்பு நோயாளிகளும் இதைத் தவிர்க்க வேண்டும்.

ஊமத்தை: தொடவே கூடாது

இதுவரை பார்த்தவை பெரும்பாலும் வாசலை அடைப்பவை. தூதுவனையே தடுத்து நிறுத்தும் மூலிகையும் இருக்கிறது. அதுதான் ஊமத்தை. மலாய்மொழியில் 'கெச்சுபோங்' என்பார்கள். அதிலுள்ள அட்ரோபின், ஸ்கோபொலமின் ஆகியவை அசிட்டைல்கோலினை வேலை செய்யவிடாமல் மறிக்கின்றன. வியர்வை உண்மையிலேயே நின்றுபோகும். "ஊமத்தை வியர்வையை நிறுத்தும்" என்று யாராவது சொன்னால், அது பொய் இல்லை. ஆபத்தே அதில்தான் இருக்கிறது!

அசிட்டைல்கோலின் உள்ளங்கைக்கு மட்டும் வேலை செய்யும் தூதுவன் அல்லவே. இதயம், கண், குடல், சிறுநீர்ப்பை, மூளை எல்லாவற்றுக்கும் அதுவே தூதுவன். ஊமத்தை உள்ளே போனால் வாய் வறண்டு போகும், கண்பாவை விரியும், நெஞ்சு படபடக்கும், சிறுநீர் அடைக்கும், உடல் சூடு ஏறும், புத்தி பேதலிக்கும். உயிரும் போகலாம். ஒரு செடிக்கும் இன்னொரு செடிக்கும், இலைக்கும் விதைக்கும் நஞ்சின் அளவு மாறுபடுவதால் வீட்டில் யாராலும் அதை அளக்க முடியாது. தின்னவோ, கஷாயம் வைத்துக் குடிக்கவோ, அரைத்துக் கையில் பூசவோ கூடாது. தெரியாமல் உட்கொண்டவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இதே வழியில் வேலை செய்யும் மருந்துகளை மருத்துவர்கள் பயன்படுத்தத்தான் செய்கிறார்கள். ஆக்சிபியூட்டினின், கிளைகோபைரோலேட் ஆகியவை அந்த வகை. அளவு தெரிந்த மாத்திரை, நோயாளிக்குக் கண் அழுத்த நோயோ சிறுநீர் அடைப்போ உண்டா என்று பார்க்கும் மருத்துவர் ஆகிய இரண்டும் இருப்பதால்தான் அது மருந்தாகிறது. ஜப்பான் 2023-ஆம் ஆண்டு, உள்ளங்கை வியர்வைக்கென்றே ஆக்சிபியூட்டினின் கலந்த பூச்சுமருந்தை அங்கீகரித்தது. செடியில் நஞ்சாக இருப்பதன் தத்துவம்தான் ஆய்வுக்கூடத்தில் மருந்தாக மாறியிருக்கிறது.

பலன் தெரிகிறதா? ஒரு கையில் பாருங்கள்

கைவைத்தியத்தில் பெரிய சிக்கல், பலன் கிடைத்ததா இல்லையா என்று தெரியாமல் போவதுதான். தேர்வு முடிந்து மனம் இலேசானதால் வியர்வை குறைந்திருக்கும். நாம் மூலிகைக்கு நன்றி சொல்லிக்கொண்டிருப்போம்.

இதற்கு ஓர் எளிய வழி உண்டு. பொதுவாக இரண்டு கைகளும் ஒரே அளவில் வியர்ப்பதால், ஒரு கையை மட்டும் தேயிலை நீரில் நனையுங்கள். மற்றொரு கையை வெறும் நீரில் நனையுங்கள். இரண்டு வாரம் கழித்து, ஒரே நேரத்தில் இரண்டு உள்ளங்கைகளையும் இரண்டு மெல்லிய காகிதத் தாள்களில் ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். ஈரத்தில் வித்தியாசம் தெரிந்தால் தொடருங்கள். தெரியாவிட்டால் அதோடு விட்டுவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். மாதக்கணக்கில் காலத்தையும் காசையும் கரைக்க வேண்டியதில்லை.

அடுத்த படிகள்

மருந்தகத்தில் அலுமினியம் குளோரைடு கலந்த வியர்வைத் தடுப்பு மருந்து கிடைக்கும். வாசனைக்காக மட்டும் பூசும் திரவங்கள் வேறு, இது வேறு. மருந்தாளரிடம் கேட்டு வாங்குவது நல்லது. படுக்கப் போகும் முன், நன்றாக உலர்ந்த கையில் பூசி, காலையில் கழுவிவிட வேண்டும். ஈரக் கையில் பூசினால் எரியும். இரவில் பூசச் சொல்வதற்குக் காரணம், தூக்கத்தில் வியர்வை நின்றிருப்பதால் மருந்து துவாரத்துக்குள் தங்கும் என்பதே.

அதிலும் அடங்காவிட்டால் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். குழாய் நீரில் கையை வைத்து மெல்லிய மின்னோட்டம் செலுத்தும் சிகிச்சை உள்ளங்கைக்கு நல்ல பலன் தருகிறது. தொடக்கத்தில் வாரத்துக்குச் சில முறையும் பிறகு இடைவெளி விட்டும் தொடர வேண்டும். இதய முடுக்கி பொருத்தியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது ஆகாது. அதற்குரிய கருவியில்தான் செய்ய வேண்டும். மின்கலத்தையும் கம்பியையும் இணைத்து வீட்டில் சோதனை செய்வது விபரீதம்.

போட்டுலினம் ஊசியும் உண்டு. அதன் பலன் சில மாதங்கள் நீடிக்கும். உள்ளங்கையில் குத்துவதால் வலி அதிகம். விரல்பிடி சிலகாலம் தளரலாம். கடைசிப் படி, மார்புக்குள் நரம்பைத் துண்டிக்கும் அறுவை சிகிச்சை. கை உலர்ந்துவிடும். ஆனால், பலருக்கு அதற்கு ஈடாக முதுகும் வயிறும் தொடையும் வியர்க்கத் தொடங்குகின்றன. சட்டையே நனையும் அளவுக்குப் போனவர்கள், பழைய ஈரக் கையே மேல் என்று வருந்துவதும் உண்டு. எனவே, மற்ற எல்லா வழிகளையும் பார்த்த பிறகே அதைப் பற்றிப் பேச வேண்டும்.

மூலிகை மருத்துவரை நாடுவோர்க்கு

சித்த, ஆயுர்வேத மருத்துவரிடம் போக விரும்புகிறவர்கள் தாராளமாகப் போகலாம். மலேசியாவில் 2016-ஆம் ஆண்டின் பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டம் இந்தியப் பாரம்பரிய மருத்துவத்தையும் அங்கீகரித்திருக்கிறது. மருத்துவர் பதிவு பெற்றவரா என்று கேட்பதில் தவறில்லை. புட்டியிலோ வில்லையாகவோ விற்கும் தயாரிப்பு மருந்து என்றால், 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவு எண் அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாரம்பரிய மருந்துகளில் அந்த எண்ணின் இலக்கங்களை அடுத்து 'டி' என்ற எழுத்து வரும். பெயரும் எண்ணும் இல்லாத பொட்டலத் தூளை உள்ளுக்குச் சாப்பிடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு சாலையைக் கடப்பதற்குச் சமம். ஏற்கெனவே நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கு மருந்து எடுப்பவர்கள், இரண்டு தரப்பு மருத்துவர்களிடமும் எதையும் மறைக்கக் கூடாது.

உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள்

சிறு வயதிலிருந்தே கை மட்டும் வியர்த்து வந்தால் பதற வேண்டியதில்லை. ஆனால், நடுத்தர வயதில் திடீரென்று தொடங்கினால், இரவில் உடுப்பும் படுக்கையும் நனைந்தால், ஒரு பக்கம் மட்டும் வியர்த்தால், எடை குறைந்தால், நெஞ்சு படபடத்தால், கை நடுங்கினால் தாமதிக்காமல் கிளினிக்குக்குப் போக வேண்டும். தைராய்டு, சர்க்கரை அளவு இறங்குதல், காசநோய், சாப்பிடும் மருந்தின் பக்கவிளைவு என்று பல காரணங்கள் இருக்கலாம். அங்கே வியர்வை நோயல்ல. வேறொரு நோயின் அடையாளம். தேயிலை நீரில் கையை வைத்துக்கொண்டு அந்த நோயை வளரவிடக் கூடாது.

வீட்டில் பிள்ளைகள் யாராவது இந்தத் தொல்லையோடு இருந்தால் பெற்றோர் முதலில் செய்ய வேண்டியது, அதைக் கேலிப் பேச்சாக்காமல் இருப்பது. பையில் ஒரு பருத்திக் கைக்குட்டை, விடைத்தாளின்மேல் வைக்க ஓர் உறிஞ்சுதாள், மட்டையின் பிடியில் துவாலைத் துணி, வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை. இவ்வளவு போதும், பாதிச் சுமை இறங்கிவிடும். பிறகு தேயிலையைக் கொதிக்கவைக்கலாம். தேவைப்பட்டால் மருத்துவரிடம் அழைத்துப் போகலாம். நம் கொல்லையில் இருப்பதையும் மருத்துவமனையில் இருப்பதையும் அதனதன் இடத்தில் பயன்படுத்தத் தெரிந்தால் போதும். ஈரக் கை என்பதற்காக யாரும் நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ள வேண்டியதில்லை.